யாருக்காக எண்ணினார்கள்? மன்னார் வளைகுடாவில் உயிரியலும் ஆட்சியும்

1905ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில் மரிச்சுக்கட்டி என்ற மணல்வெளியில் ஓர் ஊர் திடீரென்று எழும்பியது. தூத்துக்குடி, கீழக்கரை, யாழ்ப்பாணம், அரபுக் கரை என்று பல திக்கிலிருந்தும் தோணிகள் வந்து சேர்ந்தன. அந்தச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்புப் பருவத்தில், கடலடியிலிருந்து அள்ளப்பட்ட சிப்பிகள் சுமார் 8 கோடி. இலங்கை அரசின் கருவூலத்துக்கு ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய் வந்தது. அதற்கு முன் எந்தச் சலாபமும் அவ்வளவு கொடுத்ததில்லை. அடுத்த ஆண்டே சிப்பி விளையும் கடலடித் திட்டுகளான அந்தப் பார்களை ஒரு பிரிட்டிஷ் கம்பெனி 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுக்கு 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் வாடகை. 1907க்குப் பிறகு அங்கே எடுப்பதற்குச் சிப்பி இல்லை. 1912இல் கம்பெனி கடையைக் கட்டியது. இலங்கையில் மறுபடி ஒரு சலாபம் நடக்க 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தச் சரிவு அறியாமையால் வந்ததென்று சொல்லிவிட முடியாது. அக்காலத்தில் வெப்பமண்டலக் கடல் எதைப் பற்றியும் இவ்வளவு உயிரியல் எழுதப்பட்டிருக்குமா என்பதே சந்தேகம். லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மேன் 1902இல் வந்து பார்களை ஆராய்ந்தார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் இங்கேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார். இலங்கை அரசின் செலவில் நடந்த அந்த ஆய்வின் அறிக்கையை லண்டன் ராயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டது. கடற்பஞ்சு, பவளம், நண்டு, புழு என்று வளைகுடாவின் உயிர்கள் அதில் வகை வகையாக விவரிக்கப்பட்டன. கடைசிப் பாகம் வெளிவந்ததும் குத்தகை கையெழுத்தானதும் ஒரே ஆண்டு.

சர்வாதிகாரத்தின் கீழ் உயிரியல் என்ன பாடுபடும் என்று கேட்டால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது சோவியத் ரஷ்யா. உலகமெங்கும் அலைந்து பயிர் விதைகளைச் சேகரித்த நிக்கொலாய் வாவிலோவ் 1940இல் கைதாகி, 1943இல் சரத்தோவ் சிறையில் இறந்தார். மரபணுவியலை முதலாளித்துவப் புரட்டு என்ற லைசென்கோ ஸ்டாலினின் ஆதரவோடு மேலே வந்தார். 1948 ஆகஸ்டில் வேளாண் அகாடமியின் கூட்டத்தில் அவர் கருத்தே அரசின் கருத்தென்று அறிவிக்கப்பட்டது. மறுத்தவர்கள் வேலை இழந்தார்கள். அடுத்து நினைவுக்கு வருவது ஜெர்மனி: 1933 ஜூலையில் நாஜி அரசு கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தபோது அதற்கு அறிவியல் முலாம் பூச உயிரியலாளர்கள் வரிசையில் நின்றார்கள். சீனாவில் 1958இல் தானியத்தைத் தின்கிறதென்று சிட்டுக்குருவியைக் கொன்று தீர்க்கச் சொன்னார்கள். பூச்சி பெருகிய பிறகுதான் பட்டியலிலிருந்து குருவியை எடுத்தார்கள்.

இந்தக் கதைகளில் எல்லாம் விடையை ஆட்சி எழுதுகிறது, விஞ்ஞானி கையொப்பமிடுகிறார் அல்லது சிறைக்குப் போகிறார். மன்னார் வளைகுடாவில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஹெர்ட்மேனை யாரும் மிரட்டவில்லை. ஹார்னெல் தான் கண்டதைக் கண்டபடி எழுதினார். ஆனாலும் இந்தக் கரையை ஆண்டவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்கள் யாருக்கும் பதில் சொல்லவேண்டியதும் இல்லை. அப்படிப்பட்ட ஆட்சி, விடையில் கைவைக்காமல் கேள்வியைத் தன் கையில் வைத்துக்கொண்டால் போதும், உயிரியல் அதன் பக்கம் நின்றுவிடும் என்பதற்கு இந்த வளைகுடாவைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. நம் அனுபவம் லைசென்கோ வகையைச் சேர்ந்ததல்ல. அதனாலேயே அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதும் இல்லை.

முத்தும் அதிகாரமும் இங்கே தொடக்கத்திலிருந்தே ஒட்டிப் பிறந்தவை. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளூஸ், பாண்டியரின் கொற்கையில் தண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்துக்குளித்ததாகக் குறிக்கிறது. 1530களில் பரதவர்கள் கூட்டம் கூட்டமாகக் கத்தோலிக்கம் தழுவியதன் பின்னணியில் முத்துக்குளிப்பைப் பற்றிய போட்டியும் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பும் இருந்தன. 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்கு மாறியது. 1825இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கொடி மாறியதே தவிர, சிப்பி ஆள்பவனுக்குச் சொந்தம் என்ற ஏற்பாட்டை யாரும் மாற்றவில்லை. ஒரு தோணிக்கு இத்தனை கல் என்று அரசு அனுமதி தரும். ஒரு கல் என்றால் அதைக் காலில் கட்டி இறங்கும் குளியாளின் உரிமை. பரதவரின் சாதித்தலைவருக்குச் சில கற்களின் வரும்படி மானியமாக விடப்பட்டது. எடுத்த சிப்பி முழுவதும் கொட்டு என்ற அரசின் வேலியடைப்புக்குள் வந்து எண்ணப்பட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து இலங்கைச் சலாபங்களில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. 1906இல் மரிச்சுக்கட்டியில் அந்தக் கணக்கைக் கவனித்த இளம் சிவில் அதிகாரிகளில் ஒருவர் லியோனார்ட் வுல்ஃப். பின்னாளில் அவர் ஏகாதிபத்தியத்தைக் கண்டித்து எழுதியதில் அந்த மணல்வெளி அனுபவத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

அரசுக்கு ஒரே ஒரு தொந்தரவுதான் இருந்தது. சிப்பி சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும். இலங்கையில் 1828 முதல் 1837 வரை ஆண்டுதோறும் போல வாரினார்கள்; பிறகு 1855 வரை ஒன்றுமில்லை. 1891க்குப் பின் 1903 வரை மறுபடி வறட்சி. தூத்துக்குடிப் பக்கம் நிலைமை இன்னும் மோசம்: 1830க்குப் பிறகு 1860 வரை ஒரு தலைமுறையே சலாபம் பார்க்காமல் வளர்ந்தது. வருமானம் நின்ற இடத்தில்தான் உயிரியல் அழைக்கப்படுகிறது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் நடப்பதெல்லாம் விளங்கும்.

முதலில் வந்தவர் இலங்கையிலேயே பிறந்த மருத்துவரும் இயற்கையாளருமான எட்வர்ட் கெலார்ட். 1857இல் இலங்கை அரசு அவரை முத்துச்சிப்பியின் வாழ்க்கையை ஆராயச் சொன்னது. திருகோணமலையில் சிப்பிகளை வளர்த்துப் பார்த்தார். பாறையைப் பற்றியிருக்கும் நார்களைச் சிப்பி தானே அறுத்துக்கொண்டு இடம்பெயர்ந்து மறுபடி பற்றிக்கொள்ளும் என்று கண்டார். முத்துக்கும் சிப்பிக்குள் இருக்கும் ஒட்டுண்ணிப் புழுக்களுக்கும் தொடர்பிருக்கலாம் என்று எழுதினார். மூன்று ஆண்டுதான், 1860இல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கப்பலிலேயே இறந்துபோனார். இன்னும் பத்தாண்டு இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கலாம் என்று எனக்கு ஒரு எண்ணம். அவருக்குச் சிப்பி மேலேயே ஆசை இருந்தது, முத்து மேல் மட்டுமல்ல.

இந்தியக் கரையில் அரசு வைத்திருந்தது பார்களின் கண்காணிப்பாளரை. 1860களில் அந்தப் பதவியில் இருந்த கேப்டன் ஃபிப்ஸ், தூத்துக்குடிக்கு எதிரே முயல் தீவை ஒட்டிய ஆழமற்ற நீரில் செயற்கையாகச் சிப்பி வளர்க்க முயன்றார். சேறும் மணலும் மூடியதில் அது கைகூடவில்லை. 1889இல் சென்னை அருங்காட்சியகத்திலிருந்து எட்கர் தர்ஸ்டன் வந்தார். சலாபத்தைப் பார்த்து, முத்து, சங்கு, வளைகுடாவின் பிற உயிர்கள் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் 1890இல் நூலாயின. இதே தர்ஸ்டன்தான் பிறகு அளவுகோலும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு தென்னிந்திய மக்களின் மூக்கையும் மண்டையையும் அளக்கக் கிளம்பினார். 1909இல் ஏழு தொகுதிகளாகச் சாதிகளைப் பட்டியலிட்டார். காவல்துறையினருக்கு மனித உடல் அளவை பற்றி வகுப்பும் எடுத்தார். சிப்பியை அளந்தவரும் சிப்பி எடுத்தவர்களின் சாதியைப் பட்டியலிட்டவரும் ஒருவரே என்பதை நான் தற்செயலாகப் பார்க்கவில்லை. ஆளும் அரசுக்குத் தன் உடைமைகளின் கணக்கு தேவைப்பட்டது. அவர் அந்தக் கணக்கைத் திறம்பட எடுத்துக் கொடுத்தார்.

பார்களைச் சோதிக்கும் முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அழகான முறை அது. பருவம் அமைதியாக இருக்கும் நாட்களில் கண்காணிப்பாளரின் படகுகள் பார்களின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். குறித்த இடைவெளியில் ஒரு குளியாளை இறக்குவார்கள். ஒரு நிமிடம் போல அவர் மூச்சடக்கிக் கீழே கிடப்பதை அள்ளிவருவார். எத்தனை சிப்பி, என்ன வயது, அடியில் மணலா பாறையா என்பதெல்லாம் வரைபடத்தில் ஏறும். சிப்பி முற்றியிருந்தால் சில ஆயிரத்தை மாதிரியாக எடுத்து அழுகவைத்து, கழுவி, கிடைத்த முத்தை வணிகரிடம் விலை மதிக்கச் சொல்வார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று தெரிந்தால் சலாபம் உண்டா இல்லையா என்பது முடிவாகும். மாதிரிக் கணக்கெடுப்பு என்ற துறைக்குப் பெயர் வருவதற்கு முன்பே நடந்த மாதிரிக் கணக்கெடுப்பு இது.

இதில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதரின் மூச்சு. தொள்ளாயிரம் பார், கூத்தாடியார் பார், புலிப்பூண்டு பார், நாகரைப் பார் என்று வரைபடத்தில் இருக்கும் பெயர்களும் அவர்கள் கொடுத்தவை. கரையில் தெரியும் கோயிலையும் மரத்தையும் கணிசம் வைத்துப் பாரின் மேல் தோணியை நிறுத்தும் கணக்கும் அவர்களுடையது. ஆனால் சலாபம் எப்போது, எந்தப் பாரில், எத்தனை நாள் என்று முடிவெடுத்த இடத்தில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. குளியாள் சொன்னது தகவலாக ஏறியது, கருத்தாக ஏறவில்லை. ஒரு விசித்திரமான விதிவிலக்கு இருந்தது: சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரரான கடல்கட்டி. அவர் வந்து மந்திரம் ஓதாவிட்டால் யாரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள் என்பதால் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சலாபங்களில் அவருக்கு அரசே கூலி கொடுத்தது. அதே கருவூலம் பிறகு விலங்கியல் பேராசிரியருக்கும் கொடுத்தது. குளியாட்களைத் தண்ணீரில் இறக்க இருவருமே தேவைப்பட்டார்கள்!

ஹெர்ட்மேனும் ஹார்னெலும் சொன்ன பெரிய கண்டுபிடிப்பு முத்தின் பிறப்பைப் பற்றியது. நாடாப்புழு ஒன்றின் இளம் பருவம் சிப்பிக்குள் புகுகிறது. அதைச் சுற்றி முத்துப் பொருள் படிகிறது. சிப்பியைத் தின்னும் மீன்கள் வழியாகத் திருக்கையின் குடலுக்குப் போய்ப் புழு முழு வளர்ச்சி அடைகிறது என்றார்கள். பார்களை அழிக்கும் திருக்கையே முத்துக்கும் மூலம் என்று இதற்கு அர்த்தம். கேட்க மிக அழகான சங்கிலி. சில ஆண்டுகளிலேயே லிஸ்டர் ஜேம்சன் போன்றவர்கள் அதைக் கேள்வி கேட்டார்கள். பொதுவிதியாக அது நிற்கவில்லை. சிப்பியின் மேலாடைத் திசுவின் உயிரணுக்கள் இடம் தவறி உள்ளே போய் ஒரு பையாக வளர்ந்தால் அதற்குள் முத்து உருவாகிறது என்பதே இன்றைய அறிவு. புழு அதற்கு ஒரு சாக்காக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

விஞ்ஞானத்தில் தவறு நேர்வது குற்றமில்லை. எனக்கு உறுத்துவது வேறு. பார்கள் பாழாவதற்குத் தென்மேற்குப் பருவத்தில் மணல் பெயர்ந்து மூடுவது, நெரிசல், தின்னும் உயிர்கள் என்று இயற்கைக் காரணங்களுக்கே ஹெர்ட்மேன் முதன்மை கொடுத்தார். நெருக்கமாகக் கிடக்கும் இளஞ்சிப்பிகளைப் பெயர்த்து நல்ல இடத்தில் விடலாம், பிடிமானத்துக்குக் கல்லும் ஓடும் கொட்டலாம் என்றார். சரியான யோசனைகளே. ஆனால் 8 கோடி சிப்பியை ஒரே பருவத்தில் எடுக்கலாமா என்று யார் கேட்பது? எடுக்கச் சொன்னவரும் ஆராயச் சொன்னவரும் ஒரே முதலாளி. முத்துச்சிப்பி ஐந்தாறு ஆண்டுதான் வாழும். எடுக்காவிட்டால் செத்துப்போகும், வருமானம் வீண் என்பது அரசின் வாதம். உயிரியலின்படி அதிலும் உண்மை உண்டு. ஆயினும் முட்டையிடும் சிப்பி இல்லாமல் குஞ்சு எங்கிருந்து வரும் என்ற மறுவாதத்தை முன்வைக்கும் வலு அங்கே யாருக்கும் இருக்கவில்லை.

கம்பெனி நொடிக்கத் தொடங்கிய நேரத்தில் ஹார்னெல் சென்னை மாகாணத்துக்கு வந்தார். சர் ஃபிரெடரிக் நிக்கல்சன் தொடங்கிய மீன்வளத்துறையில் 1908இல் சேர்ந்து பிறகு அதன் இயக்குநரானார். அதே 1908 மார்ச்சில்தான், அதே கடலில் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி. கைது செய்யப்பட்டார். ஆங்கில அரசுக்கு இந்தக் கடலில் சிப்பி எண்ண ஆள் தேவைப்பட்டது. கப்பல் ஓட்டும் தமிழர் தேவைப்படவில்லை. ஹார்னெல் மீது எனக்கு மரியாதை உண்டு. 1914இல் அவர் எழுதிய சங்கு பற்றிய நூல், கடலடியிலிருந்து வங்காளத்து வளையல் பட்டறை வரை ஒரு பொருளைப் பின்தொடர்ந்த அபூர்வமான வேலை. நம் கட்டுமரங்களையும் வள்ளங்களையும் அவர் போல அன்போடு வரைந்து வைத்தவர்கள் குறைவு. நல்ல மனிதராகவும் நல்ல விஞ்ஞானியாகவும் இருந்துகொண்டே ஒரு ஏகபோகத்துக்குக் கணக்குப்பிள்ளையாக இருக்க முடியும் என்பதற்கு அவர் உதாரணம். சங்கிலும் அரசு ஏகபோகமே நடந்தது. குளித்தவர் அரசு வைத்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

முத்து ஏகபோகத்தைக் கடைசியில் உடைத்தது ஜப்பானிய உயிரியல். 1893இல் மிக்கிமோட்டோ அரைமுத்தை விளைவித்தார்; அடுத்த பதினைந்து ஆண்டுகளில் மிசே, நிஷிகாவா முதலியோர் முழு உருண்டை முத்துக்கு வழி கண்டார்கள். 1920களின் இறுதியில் வளர்ப்பு முத்து சந்தையை நிறைத்தபோது, தூத்துக்குடியில் 1926 முதல் 1928 வரை நடந்த சலாபங்களே வெள்ளையர் காலத்தின் கடைசிச் சலாபங்களாயின. அதன்பின் விடுதலை பெற்ற இந்தியாவில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் குளித்தார்கள். 1961க்குப் பிறகு இல்லை.

ஜப்பானின் இந்த நுட்பம் உண்மையான ஒரு சர்வாதிகாரத்தின் கையில் என்ன ஆனது என்பதற்குப் பர்மாவைப் பார்க்கலாம். 1950களில் மெர்குயி தீவுகளில் ஜப்பானியரோடு கூட்டாக முத்துப் பண்ணை தொடங்கினார்கள். 1962இல் ஆட்சியைப் பிடித்த நே வின்னின் ராணுவம் 1960களில் அதை அரசுடைமையாக்கியது. நம் கப்பல்களில் மூட்டை முடிச்சோடு வந்திறங்கிய பர்மாத் தமிழர்களைத் துரத்தியதும் அதே ஆட்சி, அதே பத்தாண்டு. வெளியுலகத்தோடு உறவு அறுந்த பண்ணை மெல்ல மெல்லத் தேய்ந்தது. யாரும் அங்கே முத்துச்சிப்பியைப் பற்றித் தவறான கொள்கையைத் திணிக்கவில்லை. பேசிக்கொள்ள ஆளில்லாமல் போனது, அவ்வளவுதான்.

தூத்துக்குடியில் நடந்தது நேர்மாறு. 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1972இல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் முத்து வளர்ப்பில் இறங்கியது. 1973 ஜூலையில் கே. அழகர்சாமியின் குழு இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை எடுத்தது. ஜப்பானியர் பொத்திப் பொத்தி வைத்திருந்த அறுவை நுட்பத்தைத் தாங்களாகவே தேடிக் கண்டார்கள். 1981இல் சிப்பிக் குஞ்சைப் பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்யவும் முடிந்தது. கெலார்ட் கேட்ட கேள்வி, நூற்றிருபது ஆண்டு கழித்து, அவர் விரும்பியிருக்கும் விதத்தில் விடை கண்டது. வணிகமாக அது பெரிதாக வளரவில்லை என்பது தனிக் கதை.

முதல் முத்துக்கும் முதல் குஞ்சுக்கும் நடுவில், நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட 1975 ஜூன் 25 வருகிறது. விடுதலைக்குப் பிந்தைய இந்தியா சர்வாதிகாரத்துக்கு மிக அருகே போன 21 மாதங்கள். அதற்குச் சற்று முன்பு நடந்த ஒன்றை இங்கே சொல்லத்தான் வேண்டும். டெல்லியில் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து நடந்த கொசு மரபியல் ஆய்வு, உயிரியல் போருக்கான ஒத்திகையோ என்ற சந்தேகத்தைப் பத்திரிகைகள் எழுப்பின. நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு விசாரித்தது. 1975இல் அந்த ஆய்வு மூடப்பட்டது. அந்தச் சந்தேகம் மிகையானது என்று பல விஞ்ஞானிகள் இன்றும் வாதிடுகிறார்கள். இருக்கலாம். கேட்கக்கூடிய நாடாளுமன்றமும் எழுதக்கூடிய பத்திரிகையும் இருந்தன. சில வாரங்களில் இரண்டின் வாயும் அடைக்கப்பட்டது.

நெருக்கடி நிலை உயிரியலில் செய்தது என்ன என்றால் எல்லோரும் கருத்தடையைச் சொல்வார்கள். 1976-77இல் மட்டும் நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள். அறுவை முறையில் புதுமையோ புரட்டோ இல்லை. மாவட்டத்துக்கு இத்தனை என்ற இலக்குதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. கொட்டுக்குள் சிப்பி எண்ணிய புத்தி மனிதர்களை எண்ண வந்திருந்தது.

இந்தக் கரைக்கு நேரடியாகப் பட்டவை வேறு இரண்டு. 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கடல் எல்லை வகுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. நடுவில் இரண்டு மாதம்கூட இல்லை. தமிழ்நாட்டுக்கென்று பேச ஒரு சட்டமன்றம் இல்லாத வேளையில், பத்திரிகைகள் தணிக்கையில் இருக்கையில், தூத்துக்குடி மீனவர் பிழைக்கும் கடலில் கோடு விழுந்தது. முட்டையிலிருந்து வந்த சிப்பிக் குஞ்சு இரண்டு மூன்று வாரம் நீரோட்டத்தோடு மிதந்த பிறகே அடியில் ஒட்டுகிறது. ஒரு கரையின் தாய்ச்சிப்பி மறுகரைப் பாருக்கு விதை தரக்கூடும் என்பதை ஹார்னெல் காலத்திலேயே யோசித்திருந்தார்கள். இரு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து பார்க்கவேண்டிய ஒரே கடல் அது. அதன்பின் இலங்கைப் போரும் கடற்படைகளும் சேர்ந்து மன்னார் பார்களை ஆய்வுக்கு எட்டாத இடமாக ஆக்கிவிட்டன.

இரண்டாவது, அதே 1976இன் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம். அது மாநிலப் பட்டியலில் இருந்த காடுகளையும் வன உயிர்ப் பாதுகாப்பையும் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டையும் அதே பட்டியலில் சேர்த்தது. கருத்தடையும் காட்டுவிலங்கும் ஒரே கையெழுத்தில் டெல்லிக்குப் போயின. மீன்பிடிப்பு மட்டும் மாநிலத்திடம் நின்றது. இதனால் கடலில் ஒரு பிராணி மீனா, வன உயிரா என்பது வகைப்பாட்டியல் கேள்வியாக இல்லாமல் யார் ஆள்வது என்ற கேள்வியாகிவிட்டது.

2001 ஜூலையில் மத்திய அரசு எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும், கடல் அட்டை அனைத்தையும், கடல் குதிரைகளையும் வன உயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் போட்டது. புலிக்குள்ள தகுதி கடல் அட்டைக்கு. மீனவர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சுறா, திருக்கையில் ஒரு சில இனங்களுக்கு மட்டும் தடையை வைத்துக்கொண்டு மற்றவற்றை விடுவித்தார்கள். கடல் அட்டைக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் ஒரு பாதித் தவறு திருத்தப்பட்டதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. 1905இல் அப்படித் திருத்தவைக்க யாராலும் முடிந்திருக்காது. கிடைக்காத மறு பாதி, தேர்தல் இருந்தால் மட்டும் கேள்வியின் உடைமை கைமாறிவிடாது என்பதையும் காட்டுகிறது.

1986இல் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்ததிலும் இதே சிக்கல் உண்டு. பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகளே நீருக்குள் போயின என்றால் பாதுகாப்பு தேவையில்லை என்று யார் சொல்வார்? ஆனால் தலைமுறையாகத் தீவில் இறங்கி வலை காயவைத்தவர் அத்துமீறி நுழைந்தவர் ஆனார். கரையில் எழுந்த ஆலைகளிடம் அதே கண்டிப்பு இல்லை. ஸ்டெர்லைட் தாமிர ஆலை பற்றி நாகபுரியின் நீரி நிறுவனம் 1998 நவம்பரில் நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கை கடுமையாக இருந்தது. அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தின் இன்னோர் அறிக்கை இளகியிருந்தது. எது சரி என்று முடிவு செய்ய ஊர்மக்களுக்கு வழி தரப்படவில்லை. 2018 மே 22 அன்று ஆலையை எதிர்த்து ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டிலும் மறுநாள் நடந்த சூட்டிலுமாக 13 பேர் செத்தார்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். 1957இல் இங்கிலாந்தை உதறிவிட்டு இந்தியாவுக்கு வந்த மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன், தன் கட்சி விசுவாசத்தால் லைசென்கோவை வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கியவர். அவ்வளவு பெரிய மனத்துக்கே அந்தச் சறுக்கல் என்றால், மேலதிகாரிக்குப் பயந்து கோப்பில் ஒரு வரியை விட்டுவிடும் சாதாரண ஆய்வாளரை நான் கடுமையாகப் பேசத் தயாரில்லை. விடப்பட்ட வரியைக் கேட்டுவாங்க வெளியே ஆள் இருக்கவேண்டும் என்பதே என் கவலை.

கடல் அட்டையில் அப்படி ஒரு வரி கிடக்கிறது. 1988இல், தடைக்கு 13 ஆண்டு முன்பே, தூத்துக்குடியில் உள்ள மத்திய ஆய்வு மையத்தில் டி.பி. ஜேம்ஸ் வெள்ளை அட்டையைப் பொரிப்பகத்தில் முட்டையிடவைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தார். கடலில் விட்டுப் பெருக்கலாம், மீனவரே வளர்க்கலாம் என்ற வழி அப்போதே திறந்தது. 2001க்குப் பிறகு அட்டையைத் தொட்டாலே குற்றம். ஆய்வுக்குக்கூட அனுமதி வாங்க வேண்டும். அக்கரையில் இலங்கை உரிமம் கொடுத்துப் பிடிக்கவிட்டது. இக்கரையில் பிடிப்பது கடத்தலானது. தடையை நீக்கலாமா கூடாதா என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. நான் தடையை அடியோடு எடுக்கச் சொல்பவனும் அல்ல. இருப்பைக் கணக்கெடுங்கள், குளிக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு எடுங்கள், எண்ணிக்கையைத் தமிழில் அச்சிட்டு மீனவர் சங்கங்களின் பலகையில் ஒட்டுங்கள். தடை இருக்கட்டுமா என்பதை அதன்பின் அவர்களையும் வைத்துக்கொண்டு பேசலாம்.